வயசு கேட்காத பிரசவம்

எங்கள் தெருவில் இருக்கும் செல்வி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வருகிற வழியில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகமாட்டாள். போன வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளைக்காக வந்த ஒரு பெண்ணின் கேஸ் ஷீட்டில் 'வயது கூடிய தாய்' என்று சிவப்பு மையில் எழுதினார்களாம். அந்தப் பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டு அழுதாளாம்.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி பெரியம்மா எழுதுவீய?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துல எழுதவே மாட்டோம்ட்டி. அதுக்கு முன்னாடி ஊரே வாயால சொல்லிரும்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவற்றில் சிலவற்றையாவது செல்விக்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

திருநெல்வேலியில் நான் பயிற்சி பெற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தரை துடைத்தேன், சட்டி சட்டியாகத் துணி அவித்தேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், பரீட்சையில் தேறினேன். ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரு பிரசவ விடுதியில் வேலை கிடைத்தது. நாலு கட்டில், ஒரு வராண்டா, ஒரு கிணறு. ஆனால் விடுதிக்கு வந்து பெறுகிறவர்கள் குறைவு. நாங்கள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

என் உருவம்தான் எனக்கு எதிரி. இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அன்று ஊதினால் பறந்துவிடுவேன். வேலைக்குப் போன புதிதில் ஒரு வீட்டில் நுழைந்ததும் அந்த வீட்டு மூத்த அம்மாள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நர்சம்மா பின்னால வாராவளா?"

"நான்தான் நர்சு."

"நீயா? எத்தனை பெத்திருக்க?"

"இன்னும் கல்யாணம் ஆகல."

"நல்லா இருக்கே! கன்னிப்பிள்ளைய அந்த ரூமுக்குள்ள விடவா? இங்கன உக்காரு தாயி, பெரிய நர்சு வரட்டும்."

முற்றத்தில் ஒரு மணையைப் போட்டு, தட்டில் இரண்டு முறுக்கும் வைத்துக் கொடுத்தார். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பசி. முறுக்கைக் கடித்துக்கொண்டே கதவுக்கு வெளியே இருந்தபடி, உள்ளே அந்தப் பெண்ணுக்கு வலி எவ்வளவு நேரத்துக்கு ஒருதரம் வருகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்கு அன்று கிடைத்த மரியாதை அந்த முறுக்குதான்.

பெரிய நர்சு என்று ஊர் சொன்னது எங்கள் ஹெல்த் விசிட்டர் ரூபி அம்மாளை. நெடுநெடுவென்று உயரம், கறுப்புக் குடை, கறுப்பு ஷூ, தலை முழுக்க வெள்ளை வெளேரென்று நரை. அவர் தெருவில் வந்தால் பீடி பிடிக்கிறவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டுக்குள் அவர் நுழைவதே பார்க்க வேண்டிய காட்சி. உள்ளே வலியில் ஒருத்தி கத்திக்கொண்டிருப்பாள். இவர் குடையை மூலையில் சாய்த்து வைப்பார். ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். அவசரமில்லாமல் குடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கும் நேரத்தில் அடுப்பு எங்கே இருக்கிறது, சுத்தமான துணி கொடியில் இருக்கிறதா, இந்த வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பதையெல்லாம் அவர் கண் பார்த்து முடித்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

யார் சொல்வது நடக்குமோ, அந்த அம்மாளிடம் நேராகப் போவார். "ஆச்சி, உங்க ஒத்தாசை இல்லாம இது நடக்காது. இந்தத் தண்ணி கொதி அடங்கிரப்படாது. வேற யாரை நம்பி விடுவேன், சொல்லுங்க?" என்பார். ஆச்சி பெருமையோடு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகு பிரசவ அறையில் எங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. அப்புறம்தான் பையைத் திறப்போம். கத்தரிக்கோல், அவித்த நூல், குழந்தையின் கண்ணுக்கு விடும் மருந்து, வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். சோப்புப் போட்டு, நக இடுக்கில் பிரஷ் வைத்துத் தேய்த்து, முழங்கை வரை கழுவி, கையை மேலே தூக்கியபடி உலரவிட வேண்டும். முந்தானையில் துடைத்தால் முறைப்பார். முதலிலிருந்து மறுபடி கழுவ வேண்டும்.

அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்ன இன்னொன்று, வயசைக் கேட்காதே என்பது. "கேட்டா அவ கணக்குப் போட ஆரம்பிச்சிருவா. சின்னவளா இருந்தா பயப்படுவா, பெரியவளா இருந்தா வெக்கப்படுவா. ரெண்டும் பிரசவத்துக்கு ஆவாது. எத்தனாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை நடக்கா ஓடுதான்னு கேளு. நமக்கு வேண்டியது அதுல வந்துரும்."

அவரையும் கேட்கத்தான் செய்வார்கள். "நீங்க எத்தனை பெத்திய அம்மா?" என்பார்கள். "எண்ணி வைக்கலையே ஆச்சி," என்பார். ஆச்சிகளுக்குப் பரம திருப்தி. இத்தனைக்கும் ரூபி அம்மாளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எல்லாம் அந்த நரையின் மகிமை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் அச்சன்புதூரில் ஒரு வீட்டுக்குப் போகும்போது, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடியில் விபூதியைக் குழைத்துத் தடவிக்கொண்டு போனேன். பலன் உடனே தெரிந்தது. "வாங்கம்மா" என்றார்கள், வழி விட்டார்கள். உள்ளே ஜன்னல் இல்லாத அறை, அடுப்புச் சூடு, வெந்நீர் ஆவி. பிரசவப் பெண் மூன்றாவது பிள்ளைக்காரி, தைரியசாலி. முக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"ஏட்டி நர்சு, உன் நரை ஒழுகுது பாரு!"

கன்னத்தில் தொட்டுப் பார்த்தேன், விரலெல்லாம் வெள்ளை. அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. மாமியார்க்காரி எட்டிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே தலை வந்துவிட்டது. நான் மறுபடி கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை ஏந்தினேன். நல்ல கொழுகொழுவென்று பையன்.

விடுதிக்கு வந்து ரூபி அம்மாளிடம் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு என்ன வயசிருக்கும்னு நெனைக்க?"

"ஐம்பத்தஞ்சு இருக்கும்மா."

"நாப்பது இன்னும் ஆவல. டைபாய்டு வந்து படுத்து எந்திரிச்சேன், முடி இப்படி ஆயிட்டு. அப்ப கண்ணாடி பாத்து நானும் அழுதேன். இந்த முடி இல்லேன்னா எனக்கும் முறுக்கு குடுத்து முற்றத்துல உக்கார வச்சிருப்பாவ. வயசு தன்னால வந்து சேரும் பிள்ள. நீ கையை ஒழுங்கா கழுவு."

அன்றிலிருந்து விபூதியை நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி செண்பகத்தம்மாள் கதைக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் எத்தனையோ சிக்கலான பிரசவம் பார்த்திருக்கிறேன். மனசுக்குள் இன்றும் பத்திரமாக இருப்பது இதுதான்.

தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் மனைவி அவர். மகள் வடிவைச் செங்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக வடிவைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வாரம் ஒருமுறை போய் அவளைப் பார்த்துவிட்டு வருவது என் பொறுப்பு.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ போனபோது, செண்பகத்தம்மாள் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். தட்டை வைக்கக் குனிந்தவர் நிமிர்வதற்குச் சுவரைப் பிடித்தார். காலைப் பார்த்தேன். கொலுசு போட்ட இடம் தெரியாமல் வீங்கியிருந்தது. கனத்த உடம்பு, நூல் சேலையை நாலு சுற்றாகச் சுற்றி, மேலே ஒரு துண்டும் போட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

காப்பி டம்ளரை வாங்குகிற சாக்கில் என்னை உக்கிராண அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அழ ஆரம்பித்தார்.

"நின்னு போச்சுன்னு நெனச்சேன். இந்த வயசுல நிக்கிறதுதானேன்னு சும்மா இருந்தேன். வயித்துல பொரண்டுச்சு, வாயுன்னு நெனச்சு ஓமக் கஷாயம் குடிச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது. பேரன் எடுக்கப்போற வயசுல எனக்கு இது தேவையா? மக மாசமா வந்து நிக்கா, அவ பக்கத்துல நானும் வயித்தைத் தள்ளிட்டு நின்னா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாவ? எம்பிள்ளை அங்கன தலை நிமிந்து நடக்க முடியுமா?"

"வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"அவியளுக்குத் தெரியும். தெரிஞ்ச நாள்ல இருந்து கடையிலேயே படுத்துக்கிடுதாவ. தெருவுல குனிஞ்ச தலை நிமிராம போறாவ. வடிவுக்குத் தெரியாது."

அத்தனை பெண்கள் வந்துபோகும் வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம் யோசித்தால், அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவரை மறைத்தது சேலை இல்லை, வயசு. இந்த வயசுக்காரிக்கு வயிறு பெருத்தால் சாப்பாட்டினால்தான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

"பெரிய நர்சம்மாட்ட சொல்லாம ஏன் எங்கிட்டச் சொல்லுதீய?" என்று கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், என்னை நம்புகிறாரே என்று.

"அவிய பெரியவிய. எப்படி அவிய முகத்தைப் பாப்பேன்? நீ சின்னப் பிள்ளை. நீ என்ன நெனச்சா எனக்கென்ன? நீ வெளிய சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டாவ."

பெருமை அந்த இடத்திலேயே காலி. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் ஒரு பொருட்டே இல்லை என்பதால் எனக்குக் கிடைத்த ரகசியம் அது.

அவர் மனசில் ஒரு திட்டமும் இருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நாள் முன்னப்பின்ன வருகிறது. எங்கேயாவது தள்ளிப் போய்ப் பெற்றுக்கொண்டால், இரண்டு குழந்தையும் வடிவுடையது, இரட்டைப் பிள்ளை என்று சொல்லிவிடலாமாம். "எம்பிள்ளைக்கு நான் ஆச்சியா இருந்துட்டுப் போறேன்," என்றார். சொல்லும்போதே கை வயிற்றைத் தடவியது.

நான் ரூபி அம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றேன். முடியவே முடியாது என்றார். "அப்படின்னா நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். உங்க கால் வீக்கம் எனக்குப் பயமா இருக்கு," என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, "சரி, கூட்டிட்டு வா," என்றார்.

ரூபி அம்மாள் வந்தார். குடையைச் சாய்த்து வைத்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. "கால் எப்ப இருந்து வீங்குது? தலை வலிக்கா? கண்ணு மங்குதா?" என்று மட்டும் கேட்டார். சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியைச் சுட வைத்தார். புளிப்புத் திராவகம் இரண்டு சொட்டு விட்டார். தெளிந்திருந்தால் நல்லது. அது மோர் போல வெள்ளையாகத் திரிந்தது. உடம்பின் சத்து சிறுநீரில் இறங்குகிறது என்று அர்த்தம். ரூபி அம்மாள் குழாயைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"உப்பைக் குறைக்கணும். ஒருக்களிச்சுப் படுத்தே இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருதரம் லேடி டாக்டர்கிட்டக் காட்டணும். இல்லேன்னா உசுருக்கு ஆபத்து. உங்களுக்கும் பிள்ளைக்கும்."

மூடு வண்டியில் போய் டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டில் தாய் எப்படிப் படுத்திருப்பாள்? பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது யார்? அப்போது ரூபி அம்மாள்தான் குற்றாலத்தைச் சொன்னார். சீசன் ஆரம்பிக்கிற நேரம். வசதியுள்ளவர்கள் அங்கே வீடு எடுத்துத் தங்குவது வழக்கம்தான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"இது மறைக்கிறதுக்கு இல்ல, படுக்கிறதுக்கு," என்று அழுத்திச் சொன்னார்.

தாயும் மகளும் போனார்கள், கூட இருக்க என்னை அனுப்பினார். அருவிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் ஓட்டு வீடு. சாரல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள். துணி எதுவும் காயாது. பிள்ளைத் துணிகளைக் கரி நெருப்பு மேல் சாம்பிராணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போட்டுக் காயவைப்பேன். ஒருநாள் குரங்கு ஒன்று துணியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடு மேல் ஏறியது. கையில் கிடைத்த அகப்பையை அதன் மேல் எறிந்தேன், அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வடிவு அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புருஷன் நினைப்பு போல என்று செண்பகத்தம்மாள் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு மத்தியானம், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"எத்தனை நாளைக்கும்மா மறைப்ப? எனக்கு வளைகாப்பு அன்னைக்கே தெரியும். நீ குனிஞ்சு எனக்கு வளையல் போட்டேல்ல, அப்ப உன் வயிறு என் முட்டியில இடிச்சுது. உள்ள இருந்து உதைச்சுது."

செண்பகத்தம்மாள் துண்டை இழுத்து வயிற்றை மூடினார்.

"எங்க அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்னு அன்னைக்கு இருந்து யோசிக்கேன். உனக்கு ஏம்மா இந்த வயசுல?" என்று கேட்டுவிட்டு வடிவு அழுதாள். தாய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். மரக்குழலை எடுத்துச் செண்பகத்தம்மாள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். துடிப்பு நன்றாக இருந்தது. நிமிர்ந்தால் வடிவு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கா?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நீயே கேளு."

தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு சிரமப்பட்டு உட்கார்ந்து, குழலில் காதை வைத்தாள். சாரல் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முகம் மாறியது.

"ஓடுது! கடகடன்னு ஓடுது!" என்றாள். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "தம்பியாம்மா, தங்கச்சியா?" என்று கேட்டாள்.

செண்பகத்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தம்பியையோ தங்கச்சியையோ எப்படித் தன் பிள்ளை என்று சொல்வாள் வடிவு? ஆனால் செங்கோட்டைக்கு மட்டும் இப்போது தெரியவேண்டாம், வடிவுக்கு நல்லபடியாகப் பிறந்து அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் நள்ளிரவில் செண்பகத்தம்மாளுக்கு வலி எடுத்தது. தகவல் போய், ரூபி அம்மாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நான் வழக்கம்போல அவருக்கு இடம் விட்டு ஒதுங்கினேன். செண்பகத்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளையே பாக்கட்டும்மா."

ரூபி அம்மாள் என்னைப் பார்த்தார். "அப்ப நான் வெந்நியைப் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், அந்த இடத்துக்கு ஒன்றும் வராது.

பிரசவம் சுகமாகத்தான் ஆனது. பெண் குழந்தை. பிறந்ததுமே வீடு அதிர அழுதது. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்தது. அப்புறம்தான் சோதனை. வயசு கூடிய கருப்பை சில சமயம் சுருங்காமல் அசந்துபோய்விடும். ரத்தம் நிற்கவில்லை. துணி மாற்ற மாற்ற நனைந்தது. செண்பகத்தம்மாளின் உதடு வெளுத்து, "கண்ணை இருட்டுது," என்றார். நான் அடிவயிற்றில் கையை வைத்து, கருப்பையைத் தேடிப் பிடித்து வட்டமாகத் தேய்த்தேன். கைக்குள் மெத்தென்று நழுவியது. ரூபி அம்மாள் அதற்குள் ஊசியை ஏற்றிப் போட்டுவிட்டு, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திச் செங்கல் வைத்தார்.

"கையை எடுத்துராத கோமதி," என்றார். அவ்வளவுதான்.

தோள் விட்டுப்போனது. விடவில்லை. அடுத்த அறையில் வடிவு தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ, என் கைக்கு அடியில் அது மெல்லத் திரண்டு கெட்டியாகி நின்றது. ரத்தம் நின்றது. செண்பகத்தம்மாள் தண்ணீர் கேட்டார். அந்தத் தண்ணீரைக் கொடுக்கும்போதுதான் நான் அழுதேன்.

தென்காசிக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம், "கடைக்கார அண்ணாச்சிகிட்ட ரெண்டு பேரும் சுகம்னு சொல்லிருங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். வெளிப்படையாக எதுவும் சொல்லாத, சாமர்த்தியமான தகவல் என்று நினைத்தோம்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்ன அண்ணாச்சி, உள்ள வாங்க," என்றேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு தாயி. கண்டக்டர் சொன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. கல்கண்டு டின்னைத் திறந்து கடையில நின்னவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டேன். என்ன விசேஷம்னு கேட்டாவ. பிள்ளை பிறந்திருக்குன்னுட்டேன். எல்லாரும் பேரப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டாவ. அதுல ஒருத்தர் செங்கோட்டைக்காரர். மத்தியான ரயிலுக்கே போயிட்டாரு."

ரூபி அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து செண்பகத்தம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கல்கண்டா குடுத்தாவ?" என்று மட்டும் கேட்டார். அந்த வெளுத்த முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி அன்று கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலையிலேயே குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. வடிவின் மாமியார், செங்கோட்டை ஆச்சி. கருப்பட்டி, பூண்டு, சுக்கு எல்லாம் வைத்த கூடை. மடியில் வெள்ளி அரைஞாண். பேரனா பேத்தியா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவருக்கு எதிரில் வடிவு வந்து நின்றாள், இறக்காத வயிற்றோடு. அதே நேரம் உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது.

ஆச்சி மருமகளின் வயிற்றைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யாரு பிள்ளை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து பதில் வந்தது.

"என் பிள்ளை மயினி. நான்தான் பெத்தேன்."

செண்பகத்தம்மாள் தலையைத் தூக்கித் தெளிவாகச் சொன்னார். ஆச்சி கூடையைக் கீழே வைத்தார். "கை கழுவணும். தண்ணி எங்கன இருக்கு?" என்று பின்கட்டுக்கு நடந்தார். வடிவு சுவரோடு சாய்ந்துவிட்டாள். நான் செம்பை எடுத்துக்கொண்டு ஆச்சியின் பின்னால் ஓடினேன்.

தண்ணீர் ஊற்றினேன். அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு என்ன வயசிருக்கும்?"

"நாங்க வயசு கேக்கிறதில்ல ஆச்சி."

"எனக்கும் ஒண்ணு தரிச்சுது," என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "மூத்த மருமவ வீட்டுக்கு வந்த புதுசு. மருமவ இருக்க வீட்டுல மாமியா பிள்ளை பெக்கதான்னு, மலையடிவாரத்துல ஒருத்திகிட்ட மருந்து வாங்கிக் குடிச்சேன். ஆம்பிளப் பிள்ளை. விரல் நகமெல்லாம் இருந்துச்சு." அதே கையை மறுபடி கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அப்ப எங்கட்டி இருந்த?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்திருப்பேன் ஆச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீ சின்னப் பிள்ளைல்லா," என்று ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கோபம் வராத முதல் தடவை அதுதான்.

உள்ளே வந்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். பேரப்பிள்ளைக்கென்று கொண்டுவந்த வெள்ளி அரைஞாணை அதன் இடுப்பில் பூட்டினார்.

"எம் பேரப்பிள்ளைக்குச் சித்தி முந்தி வந்துட்டா," என்றார். "ஏன் மயினி அழுதிய? பச்சை உடம்பு, அழப்படாது." அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் வடிவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. செங்கோட்டை ஆச்சியே வந்து தாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்ததும், பேச்சில் ருசி போய்விட்டது. ரூபி அம்மாள் சில வருஷத்தில் மாற்றலாகிப் போனார். எனக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, உடம்பு வைத்து, அறுபதுகள் நடுவில் காதோரம் நாலு முடி நிஜமாகவே நரைத்தது. யாரும் எனக்கு முறுக்கு தரவில்லை. உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் விடுதியில் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினார்கள். வரிசையில் செண்பகத்தம்மாளும் நின்றார். தலை பாதி வெளுத்திருந்தது. ஒரு கையில் மகள் குழலி, இன்னொரு கையில் பேரன் சங்கரன். இரண்டும் ஒரே உயரம். முறை வந்ததும் சங்கரன் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"சித்திக்கு மொதல்ல. அவதான் பெரியவ," என்றான்.

அத்தனை மரியாதை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊசியைப் பார்த்தாலே தெரிந்தது. குழலி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அழவில்லை. குத்தி முடிந்ததும் திரும்பி, "ஏலே, இப்ப நீ வா. சித்தி கூப்பிடுதேன்ல," என்றாள். அவன் வந்துவிட்டான்.

வரிசையில் நின்ற ஓர் இளம் தாய் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் மகவயித்துப் பிள்ளையளா ஆச்சி?" என்று கேட்டாள்.

"அவன் மகவயித்துப் பேரன்," என்றார் செண்பகத்தம்மாள். குழலியின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வராண்டாவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இவ நான் பெத்தவ."